கடலில் கரைத்த மருந்து

பெருங்காயத்தைக் கடலில் கரைத்தவனைப் பார்த்து நம் முன்னோர் சிரித்தார்கள். மருந்தைக் கடலில் கரைத்தவனின் கதையை இன்று நான் எழுத வேண்டியிருக்கிறது. கரைத்தவன் நானே என்பதால் சிரிக்கும் உரிமை எனக்கு உண்டு. உங்களுக்கு அவ்வுரிமை உண்டா என்பதை, நாய் வளர்ப்பவர்களாயின், இதை வாசித்து முடித்தபின் நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

பண்டத்தரிப்பில் என் வீட்டில் 'வீரன்' என்றொரு நாய் இருந்தது. சாதி நாயன்று, ஊர்நாய். அதிகாலையில் நான் சைக்கிளை எடுத்தால் முன்னே ஓடும். மாதகல் கரையை அடைந்ததும் எனக்காகக் காத்திராமல் அலையில் பாய்ந்துவிடும். மார்கழி மழைக்குப் பின்னர் கடல் வரை போகவும் தேவையில்லை. வழியிலுள்ள குளம், கேணி, வயல் வெள்ளம் எதையும் அது விட்டுவைப்பதில்லை. நீருக்கென்றே பிறந்த பிராணி என்று அயலவர் சொல்வார்கள்.

இலண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த மருமகன் ஒருமுறை ஒரு சிறிய பெட்டியைக் கொண்டுவந்தான். உள்ளே மூன்று பிளாஸ்ரிக் குழாய்கள். "மாமா, மாதம் ஒருக்கா கழுத்துக்குப் பின்னாலை ஒண்டை உடைச்சு விட்டாச் சரி. உண்ணியும் வராது, தெள்ளும் வராது" என்றான். ஸ்பொட் ஒன் என்பார்களே, அந்தச் சொட்டு மருந்துதான். பெட்டிக்குள் எட்டாக மடித்த தாளொன்றும் இருந்தது. கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்து; முழுவதும் ஆங்கிலம். முப்பதாண்டுகளாக எழுத்தையே பிழைப்பாகக் கொண்ட நான், அடுத்தவன் எழுத்தில் ஒற்றுப் பிழை பார்த்தே வயிறு வளர்த்த நான், அந்தத் தாளைப் பிரித்துப் பார்க்கவில்லை. மாலையில் மருந்தை விட்டேன். மறுநாள் விடியலில் வீரன் வழமைபோல் கடலில் பாய்ந்தது.

மூன்று குழாயும் முடிந்தபின் யாழ்ப்பாண நகரில் ஒரு கடையில் அதே வகை மருந்தை வாங்கினேன். என் தோட்டத்தில் வேலை செய்பவரின் நாட்கூலிக்குக் குறையாத விலை. "நாய் கடலுக்குப் போறது, பரவாயில்லையோ?" என்று கேட்டேன். "தண்ணிக்கு ஒண்டும் செய்யாது ஐயா, வாட்டர் புரூஃப்" என்றார் விற்றவர். நானும் நம்பினேன். நம்புவதற்கு இலகுவான பதில் அது.

ஐந்து மாதங்களின் பின் ஒருநாள் வீரனின் மூக்கிலிருந்து இரத்தம் வடிந்தது. இரண்டு நாளாகச் சோறு தொடவில்லை. முரசு வெளிறியிருந்தது. காதின் உட்புறத்தையும் கால்விரல் இடுக்குகளையும் விரித்துப் பார்த்த மிருக வைத்தியர் ஒன்றும் பேசாமல் எனக்குக் காட்டினார். கடுகளவிலிருந்து ஆமணக்கு விதையளவு வரை உண்ணிகள்.

"என்ன மருந்து விடுறனீங்கள்?"

சொன்னேன்.

"கடலுக்குப் போற நாயோ?"

"ஓம், ஒவ்வொரு நாளும்."

"அப்ப ஏன் இந்த மருந்து?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. வீரன் ஒன்பது நாள் போராடியது. வேலியோரத்தில் மாமரத்தின் கீழே புதைத்தோம். அதன் பின்னரே அந்தத் தாளைத் தேடியெடுத்து, பூதக்கண்ணாடி வைத்து, முதல்முறையாக வாசித்தேன். இக்கட்டுரை அந்த வாசிப்பின் விளைவு.

துளி செய்யும் வேலை

இந்த மருந்துகள் பெரும்பாலும் தோலுக்குள் ஊடுருவி இரத்தத்தில் கலப்பவையல்ல என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். ஃபிப்ரோனில் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். மயிரை விலக்கி, நாயின் நாக்கு எட்டாத இடத்தில், தோளெலும்புகளுக்கு நடுவே தோலின்மேல் விடுகிறோம். அது தோலிலுள்ள இயற்கையான எண்ணெய்ப் பசையோடு கலந்து ஒன்றிரண்டு நாளில் உடல் முழுவதும் பரவுகிறது. ஒரு பகுதி மயிர்க்கால்களை ஒட்டிய எண்ணெய்ச் சுரப்பிகளில் சேமிப்பாகத் தங்குகிறது. அங்கிருந்து சிறிது சிறிதாகக் கசிந்து வந்து உண்ணியையும் தெள்ளையும் தாக்குகிறது. ஆக, மருந்தின் வாகனம் நாயின் எண்ணெய்ப் பசை. அந்தப் பசையை நாள்தோறும் உப்புநீரில் அலசிவிட்டு, வீடு வந்ததும் உப்புப் போகக் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டினால் (நான் அதையும் செய்தேன்) வாகனம் ஏது, சேமிப்பு ஏது?

இமிடாகுளோப்ரிட் என்பது இன்னொரு மருந்து. ஒரு லீற்றர் நீரில் ஃபிப்ரோனில் ஏறத்தாழ 2 மில்லிகிராம் மட்டுமே கரையும். இமிடாகுளோப்ரிட்டோ 600 மில்லிகிராம் அளவுக்குக் கரையும். கடையில் இரண்டுக்கும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: 'வாட்டர் புரூஃப்'.

தாளில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? மருந்து விட்டபின் இரண்டு நாள் நாயைக் குளிப்பாட்டவோ நீரில் இறங்கவிடவோ கூடாது. வாரம் ஒருமுறைக்கு மேல் குளிப்பாட்டுவதைத் தவிர்க்க வேண்டும். இரண்டு நாளுக்கு ஆறு குளங்களில் நீந்தவிடலாகாது. வேறொரு வகை மருந்துக்கு இத்தடை நான்கு நாள். தயாரித்தவன் மறைக்கவில்லை, எழுதித்தான் வைத்திருக்கிறான். 'நீரைத் தாங்கும்' என்று அவன் சொன்னது, எப்போதோ ஒருமுறை மழையில் நனைந்தால் பழுதில்லை என்ற பொருளில். 'நாள்தோறும் நீந்தலாம்' என்று நாம் மொழிபெயர்த்துக்கொண்டோம். ஒரு சொல்லின் பொருளை இவ்வளவு தாராளமாக நீட்டிய எந்த உரையாசிரியரையும் நான் கண்டதில்லை.

வீரனைக் கொன்றது அந்தச் சொட்டு மருந்து என்று நான் சொல்லவரவில்லை. சரியாகப் பயன்படுத்தினாலும் நூற்றுக்கு நூறு உண்ணியைத் தடுக்கும் மருந்து எதுவுமில்லை. நான் சொல்வது வேறு. காவல் இருக்கிறது என்ற நம்பிக்கையில் காவலைக் கைவிட்டேன். முன்னெல்லாம் மாலையில் திண்ணையிலிருந்து நாயின் காதைப் புரட்டி உண்ணி பொறுக்குவது எங்கள் வீட்டு வழக்கம். மருந்து வந்தது, பொறுக்குவது நின்றது.

உண்ணி நாயில் வாழ்வதில்லை

நம் ஊர்களில் நாய்களை அரிப்பது பழுப்பு நாயுண்ணி. அதைப் பற்றி நாம் கொண்டிருக்கும் அறிவு அரைகுறை. உண்ணி நாயில்தான் வாழ்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அது தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சுவர் வெடிப்பிலும், கட்டிலின் அடியிலும், நாய் படுக்கும் சாக்கின் மடிப்பிலும் கழிக்கிறது. குஞ்சாக ஒருமுறை, இளம் உண்ணியாக ஒருமுறை, வளர்ந்தபின் ஒருமுறை என மூன்று தடவை நாயின்மேல் ஏறி இரத்தம் குடித்து, ஒவ்வொரு முறையும் கீழே விழுந்துவிடுகிறது. வயிறு நிறைந்த பெண் உண்ணி சுவரில் ஏறி வெடிப்புக்குள் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. நாயின் முதுகில் விட்ட துளி சுவர் வெடிப்புக்குள் போகுமா?

கடல்நீரில் உண்ணி செத்துவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. நானும் சொல்லித் திரிந்தவன்தான். உண்ணி அவ்வளவு இலேசில் மூழ்கிச் சாகும் உயிரன்று. கடலில் நீந்திய நாய் மருந்தை இழக்கிறது, உண்ணியை இழப்பதில்லை.

உண்ணிக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்று எர்லிக்கியா கானிஸ். 1935இல் அல்ஜீரியாவில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. வியட்நாம் போரின்போது, 1960களின் இறுதியில், அமெரிக்கப் படையினரின் நாய்கள் நூற்றுக்கும் மேல் மூக்கிலிருந்து குருதி வடிந்து மாண்டபோதுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. உண்ணி கடித்துச் சில மணி நேரத்திலேயே இக்கிருமி நாயின் உடலுக்குள் சென்றுவிடக் கூடும். குருதி உறையச் செய்யும் தட்டணுக்கள் குறைவதால்தான் மூக்கில் இரத்தம். காலம் தாழ்த்தாமல் கண்டுபிடித்தால் டொக்ஸிசைக்கிளின் என்ற மலிவான மருந்தை நான்கு வாரமளவு கொடுத்துக் காப்பாற்றலாம். காய்ச்சலும் சோர்வும் கண்ட அன்றே வைத்தியரிடம் போயிருந்தால் என்ற எண்ணம் எனக்கு இப்போதும் உறுத்துகிறது. 'மருந்து விட்டிருக்கிறோமே, உண்ணிக் காய்ச்சலாக இராது' என்று இரண்டு நாளைக் கடத்தினேன்.

கரைந்த மருந்து எங்கே போகிறது?

இதுவரை சொன்னது என் வீட்டு நட்டம். இனிச் சொல்வது ஊரின் நட்டம்.

இங்கிலாந்தில் 20 ஆறுகளிலிருந்து 2016 முதல் 2018 வரை எடுக்கப்பட்ட நீர் மாதிரிகளைப் பற்றிச் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 98க்கு மேற்பட்ட மாதிரிகளில் ஃபிப்ரோனில் இருந்தது. ஏறத்தாழ 66 விழுக்காட்டில் இமிடாகுளோப்ரிட். இமிடாகுளோப்ரிட்டைத் திறந்தவெளிப் பயிர்களுக்குப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடைவிதித்தது. ஃபிப்ரோனிலோ அந்நாட்டு வேளாண்மையில் பெரிதாகப் பயன்பட்டதே இல்லை. பிறகு ஆற்றுக்கு எங்கிருந்து வந்தது? செல்லப் பிராணிகளின் முதுகிலிருந்து என்பதே ஆய்வாளர்களின் முடிவு. ஆறுகளில் ஃபிப்ரோனிலின் சராசரி அளவு லீற்றருக்கு 17 நானோகிராம். நீர்வாழ் சிற்றுயிர்களுக்கான நீண்டகாலப் பாதுகாப்பெல்லையைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு.

அதே பல்கலைக்கழகத்தின் பிந்திய ஆய்வொன்றில், சொட்டு மருந்து விட்ட நாய்களை 5ஆம், 14ஆம், 28ஆம் நாள்களில் நீரில் இறக்கிப் பார்த்தார்கள். 28ஆம் நாளிலும் நீரில் மருந்து இறங்கியது. 'இரண்டு நாள் பொறுத்தால் போதும்' என்ற தாளின் வாசகமே போதாது என்பதுதான் இதன் பொருள். 2025இல் வெளியான மற்றோர் ஆய்வு, நாய் மயிரைப் பொறுக்கிக் கூடு கட்டும் சிறு பறவைகளின் கூடுகளில், சோதித்த அத்தனையிலும் ஃபிப்ரோனில் இருந்ததைக் காட்டியது.

'அது இங்கிலாந்து, இது யாழ்ப்பாணம்' என்பீர்கள். ஆம், இது யாழ்ப்பாணம். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட எங்களுக்கில்லை. வழுக்கியாறு மழைக்கு ஓடி வெயிலுக்குக் காய்கிறது. குடிக்கும் நீரில் பெரும்பகுதி சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கும் மழைநீர்தான். மேலே ஊற்றியது கீழே இறங்கத் தாமதமாகாத நிலம் இது. நிலத்தில் சிந்திய எண்ணெய் கிணற்றுக்குள் எப்படி வரும் என்பதைச் சுன்னாகம் நமக்கு 2014, 2015ஆம் ஆண்டுகளில் கற்றுத்தந்தது. அந்தப் பாடத்திற்குப் பின்னரும் 'மண் எல்லாவற்றையும் வடிகட்டிவிடும்' என்று சொல்பவரோடு வாதிட எனக்குத் தெம்பில்லை.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். நடுத்தர உடலுள்ள நாய்க்கான ஒரு குழாயில் 134 மில்லிகிராம் ஃபிப்ரோனில் இருக்கிறது. ஒரு நீச்சலில் நூற்றில் ஒரு பங்குதான் கழன்றது என்று வைத்துக்கொள்வோம். இது என் ஊகம், கணக்கின் வசதிக்காக. பத்து மீற்றர் நீளமும் பத்து மீற்றர் அகலமும் இரண்டு மீற்றர் ஆழமும் கொண்ட கேணியில் இரண்டு இலட்சம் லீற்றர் நீர் கொள்ளும். லீற்றருக்கு 6.7 நானோகிராம் வருகிறது. மேற்சொன்ன பாதுகாப்பெல்லையோ மூன்றரைக்குள். ஒரு நாய், ஒரு நீச்சல், எல்லை இருமடங்காகத் தாண்டப்படுகிறது. கடல் பெரிது, அங்கே துளி கரைந்து இல்லாமற்போகலாம். கேணி பெரிதன்று. அதில் தும்பிக் குஞ்சு உண்டு, இறால் உண்டு, தவளைப்பேத்தை உண்டு. நுளம்புக் குடம்பியைத் தின்பவையே தும்பிக் குஞ்சுகள்தாம். உண்ணிக்குப் போட்ட மருந்தால் நுளம்பை வளர்ப்போமா?

கேணியும் ஆவுரஞ்சிக் கல்லும் சுமைதாங்கியும் அமைப்பது புண்ணியமென்று கருதிய மண் இது. வழிப்போக்கனுக்கும் வாயில்லாச் சீவனுக்கும் நீர் வேண்டுமென்று கட்டினார்கள். அந்த நீரில் நஞ்சைக் கலப்பது நாயின்மேல் கொண்ட அன்பின் பெயரால் நடக்கிறது என்பதே இதிலுள்ள வேதனை.

தமிழில் ஒரு வரி இல்லை

இனி என் உண்மையான கோபத்துக்கு வருகிறேன்.

மேலைநாட்டு மருத்துவம் இந்த ஊருக்குப் புதிதன்று. அமெரிக்க மிஷனின் டொக்டர் ஜோன் ஸ்கடர் 1820இல் பணியிலமர்ந்த இடம் பண்டத்தரிப்பு. ஆசியாவில் மருத்துவ மிஷன் பணியின் தொடக்கங்களில் ஒன்று எங்கள் ஊர் மண்ணில் நிகழ்ந்தது. அவருக்குப் பின் வந்த டொக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயிலிருந்து ஒரு படி மேலே போனார். மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முடியுமென்று 1860களில் செய்து காட்டினார். ஆயிரக்கணக்கான பக்கங்களில் உடற்கூறும் மருந்தியலும் இரணவைத்தியமும் தமிழாயின. நோயாளிக்கு விளங்காத மருந்து பாதி மருந்து என்பதை அந்த அந்நியர் அறிந்திருந்தார்.

நூற்றைம்பதாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. தமிழும் அரசகரும மொழியென்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. என் தோட்டத்து வெங்காயத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்துப் போத்தலில் மூன்று மொழியும் இருக்கின்றன. நாயின் முதுகில் விடும் அதே இனத்துப் பூச்சிமருந்தின் பெட்டியில், நான் வாங்கிய எதிலும், தமிழில் ஒரு வரி இல்லை. வெங்காயத்துக்குள்ள மரியாதை வீட்டில் படுக்கும் சீவனுக்கும் அதைத் தடவிக்கொடுக்கும் பிள்ளைக்கும் இல்லையா?

இது மொழிப்பற்றுப் பேச்சு என்று ஒதுக்கிவிட வேண்டாம். உயிர்ப் பிரச்சினை. நாய்க்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாய்க்குப் பெரும் கேடில்லாத அது பூனைக்குக் கொடிய நஞ்சு. பூனையின் ஈரலுக்கு அதை முறித்து வெளியேற்றும் ஆற்றல் போதாது. உடல் நடுங்கி, வலிப்புக் கண்டு இறக்கும். மீனுக்கும் அது நஞ்சே. பெட்டியில் பூனைப் படத்தின்மேல் குறுக்குக்கோடு போட்டிருக்கும். ஏனென்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். 'நாய்க்கு விட்டது மிச்சமிருக்கிறது, பூனைக்கும் ஒரு சொட்டு விடுவோம்' என்று நினைக்கும் ஆச்சிக்கு அந்த ஆங்கிலத்தை யார் வாசித்துச் சொல்வது?

வெளிநாடுகளில் வாழும் அன்பர்களுக்கும் ஒரு சொல். உறவுக்காரன் வீட்டு நாய்க்கென்று பெட்டியில் வைத்து மருந்து கொண்டுவருகிறீர்கள். அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் ரொறன்ரோ நாய் வீட்டுக்குள் கம்பளத்தில் படுக்கிறது. எங்கள் நாய் புழுதியிலும் கடலிலும் கிடக்கிறது. அங்கே குளிர்காலத்தில் உண்ணி அடங்கும். இங்கே ஆண்டில் பன்னிரண்டு மாதமும் உண்ணிக் காலம். மருந்தைக் கொண்டுவரும்போது அதன் தாளைத் தமிழில் சொல்லித்தரவும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். முடியாதாயின் சொக்லேற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எதிர்வாதங்கள்

என் நண்பர் ஒருவர் கேட்டார்: "தோட்டக்காரன் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் லீற்றர் கணக்கில் அடிக்கிறான். நீர் நாயின் முதுகிலுள்ள ஒரு சொட்டுக்கு அழுகிறீரே?" நியாயமான கேள்வி. தோட்டத்து நஞ்சு பெரிது என்பதை மறுக்கவில்லை. ஆனால் சிறிய அளவு என்பதாலேயே தீங்கும் சிறிதாகிவிடாது. நடுத்தர நாய்க்கான ஒரு குழாயில் 250 மில்லிகிராம் இமிடாகுளோப்ரிட் உண்டு. ஒரு தேனீயைக் கொல்ல ஏறத்தாழ நான்கு நானோகிராம் போதும். வகுத்துப் பாருங்கள்: ஆறு கோடித் தேனீக்கள். அவ்வளவும் தேனீயிடம் போய்ச் சேரப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும். விடுவது எத்தகைய பொருள் என்பதற்காகச் சொன்னேன். மேலும், தோட்டக்காரனின் நஞ்சுக்கு ஒரு விளைச்சலாவது உண்டு. கடலுக்குப் போகும் நாயின் முதுகிலுள்ள நஞ்சுக்கு அதுவும் இல்லை. பயனில்லாமல் நஞ்சிடுவதற்கு என்ன நியாயம்?

இன்னொருவர்: "அப்படியானால் மருந்தே வேண்டாமென்கிறீரா?" இல்லை. உண்ணி கொல்லும், மருந்து வேண்டும். நீருக்குப் போகாத நாய்க்குத் தேவையான காலத்தில், அளவறிந்து விட்டால் சொட்டு மருந்து நல்ல மருந்தே. எந்த நாய்க்கு எந்த மருந்து என்ற கேள்வியைக் கேட்காமல் விற்பதையும் வாங்குவதையுமே எதிர்க்கிறேன்.

மூன்றாமவர் சற்றுக் கடுமையானவர்: "மனிதனுக்கே மருந்தில்லாத நாட்டில் நாய்க்கு ஒரு கட்டுரையா?" அவருக்கு என் பதில் இது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது, நாங்கள் கதவைப் பூட்டினோம், நாயைக் கட்டவிழ்த்துவிட்டோம். சில நாய்கள் நெடுந்தூரம் பின்னால் வந்தன. பல மாதங்கள் கழித்துத் திரும்பிய வீடுகளில் அவற்றில் எத்தனை இருந்தன என்பதை இந்த ஊரில் யாரையும் கேளுங்கள். தன்னோடு வந்த நாயை விட்டுச் சுவர்க்கம் புகமாட்டேன் என்றான் தருமன் என்று பாரதம் சொல்கிறது. நாங்கள் தருமர்களாயிருக்க முடியவில்லை; காலம் அப்படி. இப்போது காலம் அப்படியில்லை. இப்போதும் கவனிக்காமல் விட்டால் அதற்குப் போரைக் காரணம் காட்ட முடியாது.

செய்ய வேண்டியவை

நீந்தும் நாய்க்கு வாய்வழி மாத்திரைகள் உள்ளன. அஃபோக்சொலானர் மாதமொருமுறை, ஃப்ளூரலானர் பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை. இரத்தத்தில் கலந்து வேலை செய்வதால் நீரில் கழுவுண்டு போகா. விலை அதிகம். சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் உண்டாகலாமென்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்திருக்கிறது. வலிப்புள்ள நாய்க்கு வைத்தியரைக் கேளாமல் கொடுக்கலாகாது. கடித்த பின்னரே உண்ணி சாகும் என்பதால் இதுவும் முழுக் காவலன்று. கழிவோடு வெளியேறும் மருந்தும் மண்ணுக்கே போகிறது. குற்றமற்ற மருந்து ஒன்றுண்டு என்று நான் சொல்லமாட்டேன். பயன்படும் மருந்து, பயன்படாத மருந்து என்ற வேறுபாடு மட்டும் உண்டு.

தோட்டத்துப் பூச்சிமருந்தைக் கலந்து நாயின் முதுகில் ஊற்றும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். பெயர் ஒன்றாயிருந்தாலும் செறிவு வேறு, கரைப்பான் வேறு. நாயும் சாகக் கூடும். ஊற்றுபவர் கையும் வெந்துபோகும்.

காசில்லாத வைத்தியம் ஒன்றுண்டு. மாலையில் காது, கழுத்து, கக்கம், விரலிடுக்கு நான்கையும் தடவிப் பாருங்கள். உண்ணியை நகத்தால் நசுக்காதீர்கள்; தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துச் சவர்க்கார நீரில் போடுங்கள். நாய் படுக்கும் சாக்கை வாரமொருமுறை கொதிநீரில் அலசுங்கள். சுவர் வெடிப்பைச் சீமெந்தால் அடைத்துச் சுண்ணாம்பு பூசுங்கள். நம் பாட்டன்மார் பொங்கலுக்கு முன் செய்துவந்த வேலைதான் இது.

கடைக்காரர்களிடம் நான் வேண்டுவது ஒரே ஒரு கேள்வி: "உங்கள் நாய் தண்ணிக்குப் போறதோ?" அதிகாரிகளிடம் வேண்டுவது ஒரே ஒரு வரி. பிராணி மருந்துகளின் இறக்குமதிக்கு அனுமதி வழங்குவோர், பெட்டியின் வெளியே, கண்ணுக்குத் தெரியும் எழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும் இதை அச்சிடாவிட்டால் விற்க முடியாது என்று விதிக்கட்டும்:

'அடிக்கடி நீந்தும் நாய்க்கு இம்மருந்து பொருந்தாது. பூனைக்கு இடுவதற்குமுன் வைத்தியரைக் கேட்கவும்.'

இந்த வரியை மொழிபெயர்க்க ஆணைக்குழு வேண்டாம். நிதி ஒதுக்கீடு வேண்டாம். நானே எழுதிவிட்டேன். கூலி வேண்டாம். அச்சிடுவது மட்டுமே மிச்சம்.